சாப்பு அடித்த தேதி

சித்தப்பாவின் இடது கால் போன தேதி எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். 2022 தைப்பூசம் கழிந்த வாரம். வருடா வருடம் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் படியேறுகிற மனிதர், அந்த வருடம் பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கைப்பேசியில் ரதத்தைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சர்க்கரை.

அவருடைய பென்ஷனைத் தீர்மானித்தது வேறொரு தேதி. ஒரு விண்ணப்பப் பாரத்தின் வலது மூலையில் ஊதா மையில், கொஞ்சம் சாய்வாக விழுந்த சாப்பு, அதாவது முத்திரை: ஆகஸ்ட் 2023. அந்தச் சாப்பு மூன்று மாதம் முந்தி விழுந்திருந்தால் அவருக்கு மாதாமாதம் இருநூற்று முப்பத்து நாலு வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாக வந்திருக்கும், உயிரோடிருக்கும்வரை.

இதைக் கண்டுபிடித்தவர் லைட் ஸ்திரீட் பக்கத்தில் மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் ஓர் இளம் வழக்கறிஞர். பிளாஸ்டிக் பையிலிருந்து சித்தப்பா ஒவ்வொரு காகிதமாக எடுத்து மேசைமேல் வைத்தார். ஆஸ்பத்திரி அறிக்கை, எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டுக் கட்டு, சம்பளச் சீட்டு, எக்ஸ்ரே உறை. கால் எடுத்த கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கிள், கால் எப்ப எடுத்தாங்கன்னு அறிக்கையில இருக்கு. பாரம் எப்பக் கொடுத்தீங்க?" என்றார். சித்தப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. காகிதத்துக்குத்தான் தெரிந்திருந்தது.

ஊனமுற்றவருக்கான அரசாங்கப் பணத்தை வாங்க வழக்கறிஞர் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் நாம் போகிற நேரத்தில் இல்லை. நாம் போவது எல்லாம் முடிந்து நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகு. சட்டம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டியது முதல் பாரத்தை எழுதுகிற அன்றைக்கு.

சொக்சோ, அதாவது மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், என்றாலே நம்மவர்களுக்கு வேலையிடத்தில் விபத்து என்றுதான் ஞாபகம் வரும். அதில் பாதி உண்மை. 1969இல் சட்டம் வந்தது, 1971 ஜனவரியில் நிறுவனம் வேலையைத் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஊர் இ.எஸ்.ஐ. சட்டம்தான் இதற்கு முன்மாதிரி. 1948இல் இந்தியாவில் எழுதியதை எடுத்து மலேசியாவுக்கு ஏற்றபடி தைத்துக்கொண்டார்கள். ஒரு பெரிய வித்தியாசம், இங்கே சொக்சோவுக்கென்று இ.எஸ்.ஐ. மாதிரி ஆஸ்பத்திரி வரிசை கிடையாது. வைத்தியத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரி, பணத்துக்குச் சொக்சோ.

அந்தச் சட்டத்துக்குள் இரண்டு முக்கியமான திட்டங்கள். ஒன்று வேலை விபத்துத் திட்டம்: தொழிற்சாலையில் கை நசுங்கியது, வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் சறுக்கியது, வேலையால் வந்த நோய், இவையெல்லாம் அதில். இன்னொன்று இயலாமைத் திட்டம், மலாயில் 'ஈலாட்'. இதற்கு விபத்தே வேண்டாம். பக்கவாதம், சிறுநீரகம், புற்றுநோய், சர்க்கரைப் புண், எதுவானாலும் சரி; நோய் எங்கே வந்தது என்று கேட்கமாட்டார்கள். சித்தப்பா ஒன்றரை வருடம் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு இதுதான் முதல் காரணம். "வீட்டுல செருப்பு கடிச்சுது, அதுக்குச் சொக்சோ எப்படி தருவான்?" என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. ஆகவே நம் வீடுகளைப் பொறுத்தவரை விபத்துத் திட்டத்தைவிட இந்த ஈலாட் திட்டத்தைத்தான் நாம் அதிகம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கோப்பிக்கடையில் கேட்டுப் பாருங்கள், முதலாவதைப் பற்றிப் பத்துப் பேர் பேசுவார்கள், இரண்டாவதைப் பற்றி ஒருவர் பேசினால் அதிகம்.

இதைப் பிச்சை மாதிரி நினைக்கிறவர்களும் உண்டு. சித்தப்பா பாதுகாவலர் வேலையில் ஓவர்டைமோடு 1,800 வெள்ளி சம்பளம் வாங்கினார். அதில் மாதம் ஏறக்குறைய ஒன்பது வெள்ளி அவர் சம்பளத்திலிருந்தே சொக்சோவுக்குப் போனது, முப்பது வெள்ளிக்குக் கொஞ்சம் கூட முதலாளி கட்டினார். காசு கட்டி வாங்கிய காப்பீடு அது. சம்பளச் சீட்டில் அந்த வரியை மாதாமாதம் பார்க்கிறோம், படிப்பதில்லை.

இனி அந்த மூன்று மாதக் கணக்கு. கொஞ்சம் பொறுமையாக வாருங்கள், பென்சில் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

இயலாமைப் பென்ஷன் கேட்பவருக்கு அறுபது வயது ஆகியிருக்கக் கூடாது. சந்தா கணக்கில் முழுத் தகுதிக்கு இரண்டு வழி. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த மாதத்துக்கு முந்திய நாற்பது மாதத்தில் இருபத்துநாலு மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், முதன்முதலில் சந்தா கட்டத் தொடங்கியதிலிருந்து விண்ணப்பம் வரை உள்ள மொத்த மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சந்தா இருக்கவேண்டும். அதுவும் இல்லை, மூன்றில் ஒரு பங்குதான் என்றால் குறைந்த பென்ஷன்.

சித்தப்பா 1988 ஜனவரியில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். பத்து வருடம், 120 மாதம். 1997 கடைசியில் ரிங்கிட் விழுந்தபோது வேலை போனது. அதன் பிறகு சொந்தமாகச் சின்ன லோரி ஓட்டினார், கிட்டத்தட்ட இருபது வருடம். 2017இல் லோரியை விற்றுவிட்டுப் பாதுகாவலர் ஆனார். 2021 டிசம்பர்வரை இன்னொரு 60 மாதம். ஆக மொத்தம் 180.

அவர் மே மாதம் பாரம் கொடுத்திருந்தால் முந்திய நாற்பது மாதம் 2020 ஜனவரியில் தொடங்கும். அதில் சந்தா கட்டிய மாதம் சரியாக இருபத்துநாலு. முழுப் பென்ஷன். ஆகஸ்டில் கொடுத்ததால் நாற்பது மாதம் 2020 ஏப்ரலுக்கு நகர்ந்துவிட்டது. சந்தா மாதம் இருபத்தொன்று. மூன்றில் இரண்டு பங்கு வழியும் அடைபட்டுவிட்டது, லோரி ஓட்டிய வருடங்கள் அதை விழுங்கிவிட்டன. மிஞ்சியது மூன்றில் ஒரு பங்கு. அதில் தப்பித்தார்.

முழுப் பென்ஷன் என்றால் சராசரிச் சம்பளத்தில் பாதி, அதற்குமேல் முதல் இருபத்துநாலு மாதம் போக ஒவ்வொரு பன்னிரண்டு மாதச் சந்தாவுக்கும் ஒரு விழுக்காடு, உச்சவரம்பு 65. சித்தப்பாவுக்கு 63 விழுக்காடு வந்திருக்கும்: 1,134 வெள்ளி. குறைந்த பென்ஷனில் வெறும் பாதி: 900. வித்தியாசம் 234.

வேலை நின்றுபோன ஒருவருக்கு அந்த நாற்பது மாதச் சன்னல் மாதத்துக்கு ஓர் அங்குலம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. விடாமல் சந்தா கட்டிவந்தவருக்குச் சந்தா இல்லாத பதினாறு மாதம்வரை அவகாசம்; பதினேழாவது மாதமும் காலியாகக் கழிந்தால் இருபத்துமூன்றாகிவிடும். இடைவெளியில்லாமல் இருபது வருடம் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவருக்கு இதனால் பெரிய பாதகமில்லை, இரண்டாவது வழி அவரைக் காப்பாற்றும். அடிபடுகிறவர் தோட்டம் மூடியபோது வெளியே வந்தவர், குத்தகை வேலைக்குப் போனவர், நடுவில் சொந்தத் தொழில் பார்த்தவர். நம் ஆட்களில் எத்தனை பேர் அப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. சித்தப்பா லோரி ஓட்டிய காலத்தில் சுயதொழில் செய்பவர்களுக்குச் சொக்சோவில் இடமே கிடையாது. அதற்கான சட்டம் 2017இல்தான் வந்தது. அதுவும் விபத்துக்குத்தான் காப்பு, சர்க்கரைப் புண்ணுக்கு இல்லை.

சரி, ஏன் தாமதம்? அந்த ஒன்றரை வருடத்தையும் நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன், எனக்கும் அதில் பங்கு உண்டு. வேலையிடத்தில் ராஜினாமாக் கடிதம் ஒன்றை டைப் அடித்துக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போனார்கள், காயம் ஆறட்டும் என்று ஆறுதலும் சொன்னார்கள். பொய்க்கால் போட்ட பிறகுதான் பாரம் கொடுக்கவேண்டும் என்று கோப்பிக்கடையில் ஒருவர் அடித்துச் சொன்னார். இன்னொருவர் ஓர் ஏஜண்டைக் கூட்டிவந்தார். சட்டைப் பையில் நாலு பேனா, எல்லா இலாகாவிலும் ஆள் இருப்பதாகப் பேச்சு, ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி முன்பணம். நல்லவேளை, கையில் காசு இல்லை. வழக்கறிஞரிடம் போகலாமா என்று சித்தி கேட்டபோது, "லோயர்கிட்ட போனா கோர்ட்டு, கோர்ட்டுக்குப் போனா ஆயிரக்கணக்குல" என்று சொல்லி வாயை அடைத்தது நான்தான்.

சொக்சோவில் விண்ணப்பிக்க ஒரு காசு கட்டணமில்லை. கிடைக்கிற பணத்தைக் கடனுக்கு ஈடாக யாருக்கும் எழுதிக் கொடுக்கவும் சட்டம் விடாது. ஏஜண்டுகள் வாழ்வது நம் கூச்சத்தில்.

இந்த இடத்தில் அமெரிக்காவைக் கொஞ்சம் பார்க்கலாம். அங்கே ஊனமுற்றோர் பென்ஷன் வழக்குகளுக்கென்றே ஒரு வழக்கறிஞர் கூட்டம் இருக்கிறது, டிவியில் விளம்பரம் ஓடும். ஜெயித்தால் நிலுவைத் தொகையில் கால் பங்கு, 2024 நவம்பர் நிலவரப்படி அதிகபட்சம் 9,200 டாலர். அரசாங்கமே அதைப் பிடித்து வழக்கறிஞருக்குக் கொடுத்துவிடுகிறது. தோற்றால் கட்டணமில்லை. ஆகையால் ஏழைக்கும் வழக்கறிஞர் கிடைக்கிறார். மலேசியாவில் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம், ஜெயித்தால் இத்தனை பங்கு என்று ஒப்பந்தம் போடுவதைத் தடுக்கிறது. தடை நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் மாதம் 900 வெள்ளி பென்ஷன் வழக்கை எடுத்து எந்த அலுவலகம் வாடகை கட்டும்? சாலை விபத்து என்றால் கதை வேறு. எதிர்வண்டியின் இன்சூரன்சிடமிருந்து பெரிய தொகை வரும் என்பதால் வார்டு வாசலுக்கே தரகர் வந்துவிடுகிறார். அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் சர்க்கரையால் கால் போனவரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

விபத்துத் திட்டத்திலும் முதல் காகிதம்தான் முக்கியம். பினாங்குப் பாலம் 1985இல் திறந்ததிலிருந்து, பெருநிலத்துச் செபராங் பிறையிலிருந்து தீவுக்கு மோட்டாரில் வேலைக்கு வருபவர்களின் கூட்டத்தைக் காலை ஆறரை மணிக்குப் பார்க்கவேண்டும், மழைக்கோட்டோடு ஒரே பாதையில் நூற்றுக்கணக்கில். அவர்களில் ஒருவர் விழுந்தால் சொக்சோ பார்க்கிற முதல் காகிதம் போலீஸ் புகார். அடுத்தது வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியின் வரைபடம். அப்புறம் அன்றைய வருகைப் பதிவு. வழியில் பிள்ளையைத் தாதியிடம் விடத் திரும்பினாரா, நாசி லெமாக் வாங்க நின்றாரா என்பதெல்லாம் கேள்வியாகும். வலியில் படுத்திருப்பவர் சார்பாகத் தம்பி போய்ப் போலீசில் ஒரு வாக்கியம் தவறாகச் சொல்லிவிட்டு வந்தால், பின்னால் எந்த வழக்கறிஞர் வந்தாலும் அந்த வாக்கியத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். முதலாளி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் விபத்தைத் தெரிவிக்கவேண்டும் என்பது விதி. தெரிவித்தாரா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சொக்சோவுக்குள் வருகிற விபத்துக்காக முதலாளிமேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது, சட்டத்தின் 31ஆவது பிரிவு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. மோதிய வண்டிக்காரர்மேல் போடலாம்.

'ஈலாட்' என்ற சொல்லுக்கு வருவோம். சித்தப்பாவின் பிளாக்கில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு வந்த கடிதத்தைப் படித்துக்காட்டச் சொன்னார்கள். பக்கவாதம் வந்து வலது கை விளங்காதவர். கடிதம் மரியாதையான மலாயில் இரண்டு பத்தி. நடுவில் தடித்த எழுத்தில் இரண்டு சொல்: தீடாக் ஈலாட், ஈலாட் இல்லை. "எனக்குத் தெரியுதே தம்பி, கை வரலையே, எப்படி இல்லைன்னு எழுதுவாங்க?" என்றார்.

கை வரவில்லை என்பதைக் கடிதம் மறுக்கவில்லை. சட்டத்தில் ஈலாட் என்பதற்கு உடலைப் பற்றிய பொருள் பாதிதான், மீதி சம்பாத்தியம். குணமாகாத நிரந்தர நோய் அல்லது ஊனத்தால், அதே மாதிரியான நல்ல உடம்புள்ள ஒருவர் வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாதவர்தான் ஈலாட். சொக்சோவின் மருத்துவர்கள் குழு பார்ப்பது இதை. ஆஸ்பத்திரி அறிக்கை என்ன எழுதுகிறது? 'இடது முழங்காலுக்குக் கீழே துண்டிப்பு, காயம் ஆறிவிட்டது.' மருத்துவத்தில் இது நல்ல செய்தி. பென்ஷன் பாரத்தில் இது கெட்ட செய்தி. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, நாலு மாடிப் படியேறி ரோந்து, ஆறாம் வகுப்புப் படிப்பு, கணினி தொடத் தெரியாது, இதெல்லாம் எந்த அறிக்கையிலும் இல்லை. யாராவது எழுதிக் கொடுத்தால்தான் குழுவின் மேசைக்குப் போகும்.

லைட் ஸ்திரீட் வழக்கறிஞர் செய்தது அதைத்தான். சித்தப்பாவை உட்காரவைத்து, காலை ஆறு மணியிலிருந்து அவர் வேலைநாளை மணிவாரியாகச் சொல்லச் சொன்னார். ஒன்றரைப் பக்கம் வந்தது. நிபுணரிடம் அதைக் காட்டி, முடிந்தால் அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள் என்றார். சாப்பு அடித்த தேதியை அவரால் மாற்ற முடியவில்லை, ஆனால் குழு முன்னால் ஈலாட் இல்லை என்ற பதில் வராமல் பார்த்துக்கொண்டது அந்த ஒன்றரைப் பக்கம் என்று நான் நம்புகிறேன். கட்டணம் என்ன என்று கேட்டதற்கு, "அடுத்த தடவை முந்தி வாங்க" என்றார்.

எல்லாருக்கும் அப்படி ஒருவர் அமையமாட்டார். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் உண்டு. தீபகற்ப மலேசியாவில் ஒவ்வொரு வழக்கறிஞரும் வருடத்துக்கு நூறு வெள்ளி போட்டு நடத்துகிற அமைப்பு அது. வருமானம் குறைந்தவர்கள் போய்க் கேட்கலாம். தொழிற்சங்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி: சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்தின் முன் வழக்கறிஞர் மட்டுமில்லை, எழுத்துமூலம் அனுமதி பெற்ற சங்க அதிகாரியும் தொழிலாளிக்காக ஆஜராகலாம். துறைமுகத்திலும் தோட்டத்திலும் அந்தக் காலத்துச் சங்கத்துக்காரர்கள் இந்த வேலையில் கில்லாடிகள். பாதிச் சட்டப் புத்தகம் அவர்கள் வாயில் இருக்கும்.

மேல்முறையீட்டுக்கு இரண்டு வாசல், எந்த வாசல் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஊனத்தின் அளவு பற்றியோ, ஈலாட்டா இல்லையா என்பது பற்றியோ மருத்துவர் குழு சொன்னதை ஏற்கவில்லையென்றால் மேல்முறையீட்டு மருத்துவர் குழு. சந்தா கணக்கு, அது வேலை விபத்தா இல்லையா மாதிரியான முடிவுகளுக்கு நான் மேலே சொன்ன வாரியம். அங்கும் தோற்றால் சட்டக் கேள்வி இருந்தால் மட்டும் உயர் நீதிமன்றம். முதல் இரண்டு வாசலுக்கும் கெடு தொண்ணூறு நாள்.

வேலை விபத்தில் இருபது விழுக்காடு என்ற கோடு ஒன்று இருக்கிறது. நிரந்தர ஊனம் இருபதுக்குள் மதிப்பிடப்பட்டால் மொத்தத் தொகை ஒன்றைக் கொடுத்துக் கோப்பை மூடிவிடலாம். இருபதைத் தாண்டினால் ஆயுளுக்கும் மாதாமாதம் பணம், விரும்பினால் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் முன்கூட்டி வாங்கிக்கொள்ளலாம். பதினெட்டு விழுக்காடு என்று கடிதம் வந்தால் ஒரே கையாகக் கிடைக்கிற பணத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, மோட்டார் கடனை அடைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் ஓர் இளைஞனுக்கு நாற்பது வருடப் பணம் இருக்கிறது.

இவ்வளவு சண்டை போட முடிவது சொக்சோவில்தான். சமூகநல இலாகாவின் உதவிப்பணம் வேறு ஜாதி. மாற்றுத்திறனாளி அட்டைக்கு மருத்துவர் கையெழுத்தோடு பதியலாம். வேலை செய்ய முடியாதவருக்கு 2021 பட்ஜெட்டில் மாத உதவி 300 வெள்ளியாக உயர்ந்தது. வேலை பார்க்கும் குறைந்த வருமானக்காரருக்கு அப்போது 450. கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தட்டுவதற்குத் தொண்ணூறு நாள் கதவு எதுவும் இல்லை. 2008இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் போக்குவரத்து, கட்டடம், வேலை என்று எல்லாவற்றிலும் உரிமை பேசுகிறது. மீறினால் தண்டனை என்று எங்கும் இல்லை. போதாக்குறைக்கு 41, 42 ஆகிய பிரிவுகளில் அரசாங்கத்தின்மேல் வழக்கு வராதபடி வேலி வேறு. கூட்டரசு அரசியலமைப்பின் எட்டாவது விதி மதம், இனம், பிறப்பிடம், பாலினம் என்று பாகுபாட்டுக்குத் தடை போடுகிற பட்டியலிலும் உடல் ஊனம் இல்லை.

பினாங்குக்காரர்களுக்கு இதைச் சொன்னால் வழக்கறிஞர் கர்ப்பால் சிங் ஞாபகம் வரும். 2005இல் நடந்த சாலை விபத்துக்குப் பிறகு 2014இல் இறக்கும்வரை சக்கர நாற்காலியில்தான் நீதிமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போனார். 2008 சட்டம் நிறைவேறியபோதும் அவர் நாடாளுமன்ற உறுப்பினர். ஜெலுத்தோங் புலி என்று பெயர் எடுத்தவருக்கும் படிக்கட்டு படிக்கட்டுதான்.

சித்தப்பாவுக்குப் பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது, 900. பொய்க்கால் கிடைத்துவிட்டது. மலாக்காவில் சொக்சோவின் துன் ரசாக் மறுவாழ்வு மையத்துக்குப் போய் நடைபழகி வரலாம் என்றும் சொன்னார்கள், செலவு அவர்களுடையது. ஐந்நூறு கிலோமீட்டர், சித்தியை விட்டுவிட்டு வாரக்கணக்கில், மாட்டேன் என்றுவிட்டார். அது அவர் செய்த இரண்டாவது தப்பு என்று நான் நினைக்கிறேன், அவரிடம் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் அவர் வீட்டில் இருந்தேன். எதிர்வீட்டுப் பையன் வந்தான், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு மோட்டாரில் போனபோது விழுந்து மணிக்கட்டு திரும்பாமல் போனவன். புதுக் கைப்பேசி வாங்கியிருந்தான். சொக்சோ காசு வந்தது சித்தப்பா, பதினெட்டு பர்சென்ட், முடிஞ்சுது என்றான். சித்தப்பா கைப்பேசியைப் பார்க்கவில்லை.

"கடுதாசி எங்கடா?"

குளிர்ப்பெட்டிமேல் காந்தத்தில் ஒட்டியிருந்ததாம், போய் எடுத்துவந்தான். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தின் மேல்மூலையைப் பார்த்தார். பிறகு ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, சுவரில் மாட்டியிருந்த கோயில் நாள்காட்டிக்குப் போனார். முந்திய மாதத் தாள்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டம் கட்டமாக விரல் வைத்து எண்ணினார். நடுவில் தப்பிவிட்டது, திரும்ப முதலிலிருந்து எண்ணினார்.

பதினொரு நாள் இருந்தது.